தளவாய் வாங்கிய வெற்றிலை

செம்பாறைச் சீமையில் ராசா ஒருவருக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றால் வெற்றிலை கொடுப்பார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் வேலையை ஏற்றாயிற்று என்று அர்த்தம்.

பழைய ராசா காலத்தில் வேலையைச் சபையறியச் சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை நீட்டுவார்கள். துணிந்தவன் முன்னால் வந்து எடுத்துக்கொள்வான். இப்போதைய ராசாவுக்குச் சின்ன வயது, சூட்டிகையான ஆள். வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டார். முதலில் வெற்றிலை, அப்புறம் வேலை.

அந்தச் சுருளும் லேசுப்பட்டது இல்லை. வெற்றிலைப் பை சுமக்கும் அடைப்பைக்காரன் ராசாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மடிப்பான். கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, கிராம்பு, இன்னும் என்னென்னவோ உள்ளே போகும். வாயில் வைத்தால் கன்னம் குரங்குக்குப் புடைக்கிற மாதிரி புடைக்கும். ராசா முன்னால் துப்பக் கூடாது. எச்சில் துப்பும் படிக்கம் அவருக்கு மட்டும்தான். பேசினால் சாறு தெறிக்கும். ராசாவின் பட்டில் தெறித்தால் தலை தங்காது. ஆகவே மென்றுகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ராசா குனிந்து, காதுக்குள் வேலையைச் சொல்லுவார்.

கேட்டவர் "ம்ம்" என்று தலையாட்டுவார். வேறு என்ன செய்வது? நீங்களே வாயை அடைத்துக்கொண்டு ராசாவிடம் நியாயம் பேசிப் பாருங்கள்.

இப்படித்தான் ஒருநாள் தளவாய் உடையப்பன் வெற்றிலை வாங்கினார். சீமையின் படை முழுக்க அவர் கையில். நரைத்த மீசை, வெட்டுத் தழும்பு விழுந்த நெற்றி. ராசாவைச் சிறுவயதில் முதன்முதலாகக் குதிரை மேல் ஏற்றிவைத்ததே அவர்தான். அந்த உரிமையில் ராசா அவரை மாமா என்று கூப்பிடுவார்.

"மாமா, போடுங்க," என்றார் ராசா, தேன் ஒழுக.

மாமா போட்டுக்கொண்டார். ராசா குனிந்தார்.

"பன்றி வேட்டைக்குக் காடு கலைக்க ஈச்சங்காட்டுல ஆள் கேட்டேன். அறுப்பு முடிச்சிட்டு வர்றோம்னு சொல்லி அனுப்பியிருக்கான். அறுக்க ஒண்ணும் இல்லேன்னா வருவான்ல, மாமா? குதிரையை விடுங்க."

"ம்ம்," என்றார் தளவாய்.

ராசா சொன்னது சபையில் யாருக்கும் கேட்கவில்லை. தளவாய் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஈச்சங்காட்டில் கம்பு முற்றி, கதிர் சாய்ந்து நின்றது. குதிரைகள் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடியில் ஏறின. திரும்பவும் இறங்கின. சண்டை கிடையாது, ஒரு கல் கூடப் பறக்கவில்லை. ஊர்க்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். வெயில் சாய்வதற்குள் வயல் வண்டிப்பாதை மாதிரி ஆகிவிட்டது.

*

கோட்டைக்கு வெளியே, தண்ணீர் வற்றிய தெப்பக்குளத்தின் கரையில் ஒரு மண்டபம். அங்கே கிளிச்சாமி இருந்தார். தளவாயைவிட வயதில் சின்னவர். முன்னொரு காலத்தில் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவராம். ஒருநாள் முகத்துப் பூச்சைக் கழுவியவர் மறுபடி பூசிக்கொள்ளவில்லை. ஆனால் யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால்தான் அந்தப் பெயர். தன்னைத் தேடி வருகிறவர்கள் கேள்வி கேட்டால் பெரும்பாலும் யார் குரலிலாவதுதான் பதில் சொல்லுவார். நெய்கிறவர், சட்டி வனைகிறவர், பாகற்காய் விற்கிறவள் என்று சீடர்கள் எல்லா வகையிலும் உண்டு. தளவாயும் ஒரு சீடர். மற்றவர்கள் உட்காரும் அதே தரையில்தான் அவரும் உட்காருவார்.

அன்று அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சாமி, இந்தப் பழி யாருக்கு? ராசாவுக்கா, எனக்கா?" என்று கேட்டார்.

"அது யாருக்குப் போகணும்னு உமக்கு ஆசை?"

"என் வாய் நிறைய வெற்றிலை இருந்தது," என்றார் தளவாய்.

கிளிச்சாமி முதுகை நிமிர்த்தி, ஒரு புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், அங்கே ராசா உட்கார்ந்திருந்தார். "மாமா, போடுங்க," என்றது அந்தத் தேன் குரல். சட்டி வனைகிறவர் தன்னையறியாமல் எழுந்து கும்பிடப் போய், பிறகு அசட்டுத்தனமாகத் தலையைச் சொறிந்துகொண்டார்.

பிறகு சாமி கன்னத்தை உப்பவைத்தார். மீசையே இல்லாத முகத்தில் தளவாயின் மீசை தெரிந்தது. "ம்ம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தளவாய் தரையைப் பார்த்தார்.

சாமி நிறுத்தவில்லை. அடுத்ததாகக் குதிரைப்படைக்காரன் ஒருவனின் கரகரத்த குரல் வந்தது. தளவாய் சொன்னார், நான் விட்டேன், எனக்கென்ன தெரியும் என்று அது அலுத்துக்கொண்டது. அதற்கடுத்து குதிரை. அது கனைத்துக்கொண்டே, மேலே உட்கார்ந்தவன் கடிவாளத்தை இழுத்தான், எனக்கும் கம்பு பிடிக்கும்தான், மிதிக்க எனக்கு மட்டும் ஆசையா என்று கேட்டது. பாகற்காய்க்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் குளம்பில் அடித்த லாடமும் பேசியது. என்னை அடிச்சவனைக் கேளு என்றது.

சிரிப்பு அடங்கியதும் தளவாய் மெதுவாகக் கேட்டார்: "ஈச்சங்காட்டுக்காரங்க குரலையும் பேசிக் காட்டுங்க, சாமி."

கிளிச்சாமி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"அது எனக்கு வராது," என்றார். "நான் கேட்டதில்லை. நீர் போய்க் கேட்டுட்டு வாரும்."

"அவங்க குரல் எனக்குத் தெரியும், சாமி. சாபம் விடுவாங்க. மண்ணை வாரித் தூத்துவாங்க."

"நல்லதாப் போச்சு. கேட்டுட்டு வாரும்."

*

தளவாய் தனியாகப் போனார். குதிரை இல்லை, வாள் இல்லை, தலைப்பாகை கூட இல்லை. காலையில் கிளம்பியவர் வெயில் ஏறும்போது ஈச்சங்காட்டு வயலுக்கு வந்துசேர்ந்தார். திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கொண்டே வந்திருந்தார். கல்லெறிந்தாலும் நிற்பது என்று முடிவு. உண்மையைச் சொன்னால், ஒன்றிரண்டு கல் விழுந்தால் தேவலை என்று கூட இருந்தது.

வயலில் பெண்கள் குந்தி உட்கார்ந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்த கம்பை அள்ளிச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவரை முதலில் பார்த்தவள் பெயர் சடைச்சி. மிதிபட்டதில் பெரிய வயல் அவளுடையதுதான். பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள். எழுந்து ஓடி வந்தாள்.

தளவாய் கண்ணை மூடிக்கொண்டார்.

காலில் ஏதோ பட்டது. திறந்து பார்த்தால் அவள் காலில் விழுந்து கிடந்தாள்.

"எங்களை மன்னிச்சிருங்க, எசமான்," என்றாள். "ஆள் அனுப்பாதது எங்க தப்புதான்."

அதற்குள் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். வேட்டைக்கு இனி எப்போது கூப்பிட்டாலும் வருவதாக ஆளுக்கொரு பக்கம் சத்தியம் செய்தார்கள். யாரோ ஒருவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வரப்பில் விரித்து, எசமானை உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

சடைச்சி ஒரு மண்கலயத்தில் கம்மங்கூழ் கொண்டுவந்தாள். "கொஞ்சம் மண்ணு கடிபடும், எசமான். எவ்வளவு புடைச்சாலும் போக மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டே, அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

தளவாய் குடித்தார். மண் நறநறவென்றது. துப்பவில்லை.

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"ஒரு விதத்துல நாங்க குடுத்து வச்சவங்க, எசமான். வந்தது உங்க படை. அதனால வயலோட போச்சு. வேற ஆளா இருந்தா குடிசைக்கும் கொள்ளி வச்சிருப்பான். அன்னிக்கு நீங்க ஓடைக்கரையில படையை நிறுத்தி வச்சு, நாங்க ஆடு மாட்டை ஓட்டிக்கிட நேரம் குடுத்தீங்க. அது எங்களுக்குத் தெரியாதா? என் பிள்ளைங்க கிட்ட சொல்லி வச்சிருக்கேன். தளவாய் நல்ல மனுசர்னு."

அவர் அன்று ஓடைக்கரையில் படையை நிறுத்தியது உண்மைதான். வாயைக் கொப்பளிப்பதற்காக நிறுத்தினார். எவ்வளவு கொப்பளித்தும் சிவப்புப் போகவில்லை. அதில் நேரம் போய்விட்டது. அந்த நேரத்தில் இவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

சடைச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்ம்," என்றார் தளவாய்.

*

கோட்டைக்குத் திரும்பும் வழியில் மேலத்தோப்பு. வயல் அழிந்தபின் ஈச்சங்காட்டுக்காரர்களுக்குத் தானியம் கொடுத்த ஊர் அது. அங்கே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் தளவாயைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு, பயந்துபோய்க் கும்பிட்டார். ஏற்றுங்கள் என்று சொல்ல நினைத்துக்கொண்டே தளவாய் கடந்து போய்விட்டார்.

கோட்டை வாசலுக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது. தீவட்டிகளும் எண்ணெய்க் குடங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எங்கே என்று தளவாய் கேட்டார். வாசல் காவலன் அவரை விநோதமாகப் பார்த்தான். நாளை சபையில் தளவாய்க்கு வெற்றிலை உண்டாம், அதற்கப்புறம் இதெல்லாம் மேலத்தோப்புக்காம், ஈச்சங்காட்டுக்குத் தானியம் கொடுத்ததற்காம், ஊர் முழுக்கப் பேச்சு, தளவாய்க்குத் தெரியாதா என்றான்.

தளவாய் நேரே மண்டபத்துக்கு வந்தார். ஈச்சங்காட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாகற்காய்க்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வாயில ஒண்ணும் இல்ல, சாமி," என்றார் தளவாய். "கூழை முழுங்கிட்டேன். வாய் காலியாத்தான் இருந்தது."



"இதையெல்லாம் எனக்குச் செஞ்சது அவன்," என்றார் தளவாய். முதல் தடவையாக ராசாவை அவன் என்றார். "படை என் பேச்சைக் கேக்கும். அரண்மனையில ஒரு பொழுதுல காரியம் முடிஞ்சிரும். அவனை இறக்கிட்டா மேலத்தோப்பு பிழைக்கும். எந்த ஊரும் பிழைக்கும்."

கிளிச்சாமி எழுந்து, அங்கே கிடந்த உரலின் மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அது சிம்மாசனம் ஆகிவிட்டது. அதில் இருந்தது யார் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. இல்லாத மீசையை நீவிக்கொண்டார். வெட்டுத் தழும்பு இருக்கிற இடத்தில் நெற்றியைத் தடவினார். தளவாயின் கனத்த குரலில், எதிரே இல்லாத ஒரு புதுத் தளவாயிடம் சொன்னார்:

"தம்பி, என்னை இறக்கணும்னு செம்பாறையில நாலு பேர் பேசிக்கிறாங்களாம். முதல்ல இதைப் போட்டுக்கிடும்."

உடனே பக்கத்தில் நகர்ந்து நின்று, கன்னத்தை உப்பவைத்து, இளசான குரலில், "ம்ம்," என்றார்.

நெய்கிறவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

தளவாய் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் நாளைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"ஈச்சங்காட்டுல என்ன சொல்லியிருக்கணும்?"

"உண்மையை. இல்லேன்னா, ஏதாவது. வாயைத் திறந்து ஏதாவது."

"நீர்தான் சொல்லிட்டீரே," என்றார் கிளிச்சாமி.

*

மறுநாள் சபை. ராசா வந்தார், முதல் மந்திரியான பிரதானி வந்தார், கட்டியக்காரன் ராசாவின் பட்டங்களை மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தான். வாசலில் படைத்தலைவர்கள் நின்றார்கள். அடைப்பைக்காரன் மடித்த சுருள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மாமா, போடுங்க."

தளவாய் வாங்கினார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ராசா குனிய ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"வேலை என்னன்னு சபை கேக்கச் சொல்லுங்க," என்றார் தளவாய். "கேட்டுட்டுப் போட்டுக்கிடுறேன்."

பிரதானி மேலே பார்த்து, விதானத்தில் வரைந்திருந்த பூக்களை அன்றுதான் கண்டவர் போல ரசித்தார். தளவாயின் தலை இப்போது அவர் கழுத்தில் இல்லை, ராசாவின் நாக்கு நுனியில் இருந்தது. இழுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு சொல் போதும்.

ராசா வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற படைத்தலைவர்கள் வாளில் கை வைக்கவில்லை, முன்னால் வரவும் இல்லை. கழுத்தைச் சற்று நீட்டி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டியிருந்தது. அதில் ஒருவர் தன் பெண்ணை மேலத்தோப்பில் கொடுத்திருந்தார்.

"மேலத்..." என்று ராசா தொடங்கினார். காதுக்குள் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக வரும் சொல். அன்று பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்தது. வெற்றிலை போடாமலே சிவந்தது.

பிறகு சிரித்தார்.

"வேலை எல்லாம் ஒண்ணுமில்ல, மாமா. சும்மா ஒரு மரியாதைக்குத்தான்."

சபையும் சிரித்தது. பிரதானி எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். தளவாய் சுருளைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, வணங்கிவிட்டு வெளியே வந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் அடைப்பைக்காரனே தின்றானாம். சாயங்காலம்வரை அவனால் பேச முடியவில்லை.

வாசலில் இருந்த தீவட்டிகளும் எண்ணெய்க் குடங்களும் கிடங்குக்குத் திரும்பின.

*

தளவாய் வரும் முன்பே செய்தி மண்டபத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேலத்தோப்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கோட்டைத் தெருவில் தளவாய்க்கு ஆரத்தி எடுக்கக் காத்திருக்கிறார்கள் என்று பாகற்காய்க்காரி சொன்னாள். சட்டி வனைகிறவர் ராசாவின் அந்தச் சிரிப்பை மட்டும் ஒருதடவை செய்துகாட்டும்படி கிளிச்சாமியைக் கெஞ்சினார். சாமி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

தளவாய் ஒரு தூணோரமாக உட்கார்ந்தார். ஆரத்திக்குப் பயந்து தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஒரு கேள்வி, சாமி," என்றார். "அவ்வளவுதான் வேண்டியிருந்தது."

தளவாயே தொடர்ந்தார்:

"அன்னிக்கே கேட்டிருக்கலாம். ஈச்சங்காட்டுக் கம்பு நின்னிருக்கும். இவ்வளவு லேசான காரியம்னு தெரியாமப் போச்சு. லேசா இருந்ததுதான் என்னால தாங்க முடியல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ராசா மேல பழியைப் போட்டுட்டு இருந்தப்போ கூட இவ்வளவு வெட்கமா இல்ல. ஊர் பிழைச்சா இது குறையும்னு நினைச்சேன். கூடிப்போச்சு. நாளைக்கு ஈச்சங்காட்டுக்குப் போய், ஓடைக்கரையில எதுக்கு நின்னேன்னு சொல்லப்போறேன். அப்பவாவது போகுமா? இது எப்பத்தான் போகும், சாமி?"

கிளிச்சாமி யார் குரலையும் எடுக்கவில்லை.

"நாளை கழிச்சு மறுபடி சபை இருக்கே, தளவாய்," என்றார். "இந்த வெட்கத்தை அனுப்பிட்டு, அங்கே நீர் யாரைக் கூட்டிட்டுப் போவீர்?"